வருகைப் பதிவேடு

மழைக்குத்தான் ஒதுங்கினேன், பொய் சொல்லக் கூடாது.
டானிங்டன் நிறுத்தத்தில் கூரைத் தகரம் பறந்து மூன்று மாதம்.
எதிரே ஓட்டு வீடு ஒன்றில்
'தலைவர் நினைவு இல்லம். அனுமதி இலவசம்.'
இலவசம் என்றால் நனைந்தவர்களுக்கும்தானே.

செருப்பை வெளியே விடச் சொன்னார் காவலாளி ஜோகி.
சிமெண்டுத் தரை காலைக் கடித்தது.
காய்ச்சலுக்குப் பிறகு காற்று மாற
பதினோரு நாள் இங்கே தங்கினாராம்.
கட்டில் குட்டை. பெரிய ஆள் இல்லை போலும்.
கம்பளிச் சால்வையில் பூச்சி அரித்த ஓட்டை,
பக்கத்தில் யாரோ போட்ட பாச்சை உருண்டை.
இரண்டையும் சேர்த்துக் கண்ணாடிக்குள் பூட்டியிருந்தார்கள்.

ஒரு வேன் நிறையப் பள்ளிப் பிள்ளைகள்.
"எளிமை" என்றார் வாத்தியார்.
"எளிமை" என்றது வேன் முழுதும்.
ஒரு பையன் மட்டும் குனிந்து
கட்டிலுக்கு அடியில் என்ன என்று பார்த்தான்.

கடைசி அறையில் இருந்தது பேனா.
கறுப்பு. மூடியில் கீறல்.
'பல ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது' என்றது அட்டை.
எத்தனை என்று போடவில்லை.
ஒன்று எனக்குத் தெரியும்.

நான் பிறக்க நாலு வருடம் இருக்கையில்
இந்த முள் தாளில் ஓடியது.
கந்தப்பளையில் என் அப்பா
அன்றைக்கும் விடியலில் பெரட்டுக்குப் போய் நின்றிருப்பார்
தன்னை ஒரு கணக்கில் எழுதிவிட்டது தெரியாமல்.
இத்தனை தலை உங்களுக்கு, இத்தனை எங்களுக்கு,
மீதியைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.
மீதியில் விழுந்தது சித்தப்பா குடும்பம்.
இன்றுவரை போனில்தான் சித்தப்பா.

ஒன்பது வயதில் கப்பலில் வாந்தி எடுத்தேன்.
மண்டபம் முகாமில் அப்பா கைநாட்டு வைத்தார்,
வைத்த கையோடு மணலில் தேய்த்தார்,
மை போகவில்லை.
அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள்.
இங்கே வந்ததும் சிலோன்காரர் ஆனோம்.
கடல் நடுவில் ஒரு ராத்திரி மட்டும்
யாரும் எங்களை எதுவும் சொல்லவில்லை.

கோபப்படத்தான் கண்ணாடி முன்னால் நின்றேன்.
சால்வை ஓட்டை குறுக்கே வந்தது.
நன்றி சொல்லவும் எனக்குக் காரணம் உண்டு:
செவ்வந்தி கோயம்புத்தூரில் நர்ஸ்,
மாதம் பிறந்தால் பணம் போடுகிறாள்.
ஆனால் பையில் மனுவின் நகல் இருந்தது,
அரை மணிக்கு முன்தான் ஆபீசில் முத்திரை வாங்கியது.
தை மாதம் எனக்கு ஓய்வு.
வேலை முடிந்தால் லயத்து வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.
பதினோரு நாள் இருந்தவருக்கு வீடு நின்றுவிட்டது.
நான் அதற்குள் இருந்தது முப்பத்தெட்டு வருடம்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கக்கா" என்றார் ஜோகி.
பெயர், ஊர், கருத்து. மூன்று கட்டம்.
எனக்கு மேலே எழுதியவர்கள்:
அருமை. சூப்பர். கழிப்பறையில் தண்ணீர் இல்லை.
நூல் கட்டிய பேனா குளிரில் எழுதவில்லை.
உள்ளங்கையில் உருட்டி, ஊதி, உதறினேன்.
பொத்தென்று ஒரு சொட்டு என் விரலில்.

மா. பவளக்கொடி என்று நிதானமாக எழுதினேன்,
கொம்பு, சுழி எதுவும் விடாமல்.
ஊர்க் கட்டம் ஒரு விரல் அகலம்தான்.
"ஊரு போடலையே?"
அவருக்கு ஒரு ஹட்டி இருக்கிறது,
அப்பனுக்கு அப்பன் புதைந்த இடம் தெரியும்.
அவர் கேட்டதில் தப்பில்லை.
அதைத் தாண்டிக் கருத்துக்குப் போனேன்.

'சால்வையை வெளியில் எடுத்து வெயில் காட்டவும்.'

படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.
"சாவி தாசில்தார்கிட்ட இருக்கு அக்கா."
"கேளுங்க. மனு கொடுங்க."
இருவரும் சிரித்துவிட்டோம்.

பஸ் வந்தது. கம்பியைப் பிடித்த கையில்
மை இன்னும் ஈரம்.
"எங்கேம்மா?"

கைகாட்டி ஒண்ணு, என்றேன்.